பழைய டீசல் எஸ்யுவி வாங்குகிறீர்களா? ஓடிய தூரத்தைவிட எஞ்சிய ஆயுளே முக்கியம்

புது தில்லி: ஏழு பேர் அமர்ந்து செல்லும் வசதி, நெடுஞ்சாலைப் பயணத்திற்கு ஏற்ற இழுவிசை, லிட்டருக்குக் கிடைக்கும் கூடுதல் மைலேஜ். இந்தக் காரணங்களுக்காக டீசல் எஸ்யுவி வாங்க விரும்பும் நடுத்தரக் குடும்பங்கள் நாடு முழுவதும் உள்ளன. புதிய வாகனத்தின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், அவற்றில் பல பழைய வாகனச் சந்தையை நாடுகின்றன. அங்கு எழும் முதல் கேள்வி பெரும்பாலும் 'எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?' என்பதே. டீசல் வாகனத்தைப் பொறுத்தவரை அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த வாகனம் இன்னும் எத்தனை ஆண்டுகள் சட்டப்படி ஓடலாம்? எந்த ஊரில் ஓடலாம்? இதுவரை எப்படி ஓட்டப்பட்டது? இவற்றிற்கு விடை தெரியாமல் பேசி முடிக்கப்படும் விலை, குறைவாகத் தோன்றினாலும் குறைந்த விலை ஆகாது.

தலைநகரில் ஏன் மலிவு?

தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர் வலயத்திலும் பழைய டீசல் எஸ்யுவிகள் பிற நகரங்களைவிடக் குறைந்த விலைக்குக் கிடைப்பதற்கு முக்கியக் காரணம் வாகனங்களின் வயது வரம்பு. 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் இந்த வலயத்தில் இயங்கக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2018 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. பெட்ரோல் வாகனங்களுக்கு இந்த வரம்பு 15 ஆண்டுகள். தில்லியுடன், ஹரியானாவின் குருகிராம், ஃபரிதாபாத், உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத், கௌதம புத்த நகர், ராஜஸ்தானின் ஆல்வார் உள்ளிட்ட மாவட்டங்களும் இந்த வலயத்தில் அடங்கும்.

காலாவதியான வாகனங்களுக்குத் தில்லியில் எரிபொருள் வழங்கக் கூடாது என்ற உத்தரவு 2025 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்து, கடும் எதிர்ப்பின் காரணமாகச் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. டிசம்பர் 17 அன்று அந்தப் பாதுகாப்பு, பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய மாசு விதிகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. இது இடைக்கால நிவாரணமே. 10 ஆண்டு வரம்பு நீக்கப்பட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறாகும்.

நாட்டின் பிற பகுதிகளில் பொதுவான நிலை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தனிநபர் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது.

இந்த வேறுபாட்டை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். எட்டு ஆண்டுகள் ஆன டீசல் எஸ்யுவி ஒன்று 6 லட்சம் ரூபாய்க்கு விற்பனைக்கு வருவதாகக் கொள்வோம். அதை வாங்குபவர் தில்லியிலேயே பயன்படுத்தினால், 10 ஆண்டு விதிப்படி எஞ்சியிருப்பது இரண்டே ஆண்டுகள். அதாவது ஓர் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். அதே வாகனத்தை 15 ஆண்டு விதி பொருந்தும் ஊரில் பதிந்து ஓட்டினால் எஞ்சியிருப்பது ஏழு ஆண்டுகள். ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 86,000 ரூபாய். வாகனமும் விலையும் ஒன்றே. ஆனால் வாங்குபவரின் முகவரி மாறும்போது அதன் மதிப்பும் மாறிவிடுகிறது.

வேறு மாநிலத்திற்குக் கொண்டுசெல்லும் செலவு

இந்தக் கணக்கைப் பார்த்துத் தில்லிக்கு ரயிலேறும் முன் மறுபக்கத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். வேறு மாநிலத்தில் பதிவான வாகனத்தை 12 மாதங்களுக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால், அங்கு புதிய பதிவெண் பெற வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு கூறுகிறது. அதற்கு, முதலில் பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திடமிருந்து படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று பெற வேண்டும். வாகனக் கடன் நிலுவை, கட்டப்படாத போக்குவரத்து அபராதம், வரி பாக்கி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் இச்சான்று தடைபடக்கூடும்.

அடுத்தது சாலை வரி. புதிய மாநிலத்தில், வாகனத்தின் வயதிற்கும் மதிப்பிற்கும் ஏற்ப மீண்டும் வரி செலுத்த வேண்டியிருக்கும். பழைய மாநிலத்தில் செலுத்திய வாழ்நாள் வரியின் எஞ்சிய பகுதியைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம் என்றாலும், அந்தத் தொகை உடனே கைக்கு வரும் என்று எண்ணிக் குடும்ப வரவுசெலவைத் திட்டமிடுவது பாதுகாப்பானதன்று. பெரிய எஸ்யுவிகளுக்கு இந்த வரியே பேரத்தில் குறைத்த தொகையை விழுங்கிவிடக்கூடும்.

எனவே முன்பணம் கொடுக்கும் முன்னரே, வாகனத்தைப் பதியவிருக்கும் ஊரின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இரண்டு கேள்விகளுக்கு விடை பெற வேண்டும். இந்த வயதும் இந்த மாசு விதியும் கொண்ட டீசல் வாகனத்தைப் பதிவு செய்வீர்களா? வரி எவ்வளவு? இந்த விடைகள் கிடைத்த பின்னரே தில்லி விலை உண்மையில் மலிவா என்பது தெரியவரும்.

பிஎஸ்-4, பிஎஸ்-6: எதைத் தேர்ந்தெடுப்பது?

நாடு முழுவதும் பிஎஸ்-4 விதிகள் 2017 ஏப்ரல் 1 முதலும், பிஎஸ்-6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதலும் கட்டாயமாயின. பிஎஸ்-6 விதியின்கீழ் டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமாகவும், நுண்துகள் வரம்பு 0.025 கிராமிலிருந்து 0.0045 கிராமாகவும் குறைக்கப்பட்டன. டீசலில் உள்ள கந்தகத்தின் அளவும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. இந்த மாற்றத்திற்கான செலவைக் கருதியே மாருதி சுசூகி நிறுவனம் 2020 ஏப்ரலில் டீசல் கார்களைக் கைவிட்டது. மஹிந்திரா, டொயோட்டா, டாடா, ஹூண்டாய் உள்ளிட்ட நிறுவனங்கள் டீசல் எஸ்யுவிகளைத் தொடர்ந்தன.

பழைய வாகனம் வாங்குபவருக்கு இதில் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, தடைகள் வரும்போது பிஎஸ்-4 டீசலே முதலில் பாதிக்கப்படுகிறது. குளிர்காலத்தில் காற்று மாசு மோசமடைந்து மூன்றாம் கட்டக் கட்டுப்பாடுகள் அறிவிக்கப்படும்போது, தில்லியிலும் குருகிராம், ஃபரிதாபாத், காசியாபாத், கௌதம புத்த நகர் மாவட்டங்களிலும் பிஎஸ்-4 டீசல் கார்களை இயக்கத் தடை விதிக்கப்படுகிறது. 10 ஆண்டு நிறைவடையாத வாகனத்திற்கும் இது பொருந்தும். அப்பகுதியில் வசிப்பவர்களுக்குப் பிஎஸ்-4 டீசல் என்பது, ஆண்டின் சில வாரங்கள் வீட்டு வாசலிலேயே நிற்க நேரும் வாகனம்.

இரண்டாவது, பிஎஸ்-6 டீசல் சட்டத்திற்கு உகந்தது என்றாலும் அதன் அமைப்பு சிக்கலானது. பழுது ஏற்பட்டால் செலவும் அதிகம். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இதில் உள்ளது. சேர்ந்த கரியை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரித்து அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அந்த வெப்பம் எழுவதற்கு வாகனம் சீரான வேகத்தில் தொடர்ந்து சிறிது நேரம் ஓட வேண்டும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓடி நின்ற வாகனத்தில் இது நிறைவேறாது. வடிகட்டி அடைபட்டு, எச்சரிக்கை விளக்கு எரிந்து, இழுவிசை குறையும். சுத்திகரிப்பு பாதியில் நிற்கும்போது எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் கலப்பதும் உண்டு.

இதனால் வழக்கமான நம்பிக்கை ஒன்று இங்கு தலைகீழாகிறது. ஐந்து ஆண்டுகளில் 25,000 கிலோமீட்டர் மட்டுமே நகருக்குள் ஓடிய பிஎஸ்-6 டீசலைவிட, நெடுஞ்சாலையில் 80,000 கிலோமீட்டர் ஓடி உரிய காலத்தில் சர்வீஸ் செய்யப்பட்ட வாகனம் நல்ல நிலையில் இருக்க வாய்ப்புண்டு. 'மிகக் குறைவாக ஓடியது' என்பது டீசல் வாகனத்திற்கு எப்போதும் நற்சான்று ஆகாது.

2020-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பதிவான வாகனம் எனில், அது பிஎஸ்-4 வகையாகவோ பிஎஸ்-6 வகையாகவோ இருக்கலாம். விற்பவரின் சொல்லை நம்பாமல், பதிவுச் சான்றிதழில் உள்ள மாசு விதிக் குறிப்பையும் தயாரிப்பு மாதத்தையும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

உங்களுக்கு டீசல் தேவையா?

ஓட்டும் தூரம் குறைவாக இருந்தால், டீசலால் கிடைக்கும் சேமிப்பும் குறைவு. உதாரணமாக, பெட்ரோல் லிட்டருக்கு 100 ரூபாய், டீசல் 90 ரூபாய் என்றும், பெட்ரோல் எஸ்யுவி லிட்டருக்கு 11 கிலோமீட்டர், டீசல் எஸ்யுவி 15 கிலோமீட்டர் தரும் என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு டீசலால் மாதம் சுமார் 4,600 ரூபாயும், ஆண்டுக்கு ஏறத்தாழ 55,000 ரூபாயும் மிஞ்சும். மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு ஆண்டுக்குச் சுமார் 18,500 ரூபாய்தான் மிஞ்சும். டர்போ, இன்ஜெக்டர், டிபிஎஃப் ஆகியவற்றில் ஒன்று பழுதடைந்தாலே பல ஆண்டுச் சேமிப்பு ஒரே ரசீதில் கரைந்துவிடும். நகருக்குள் மட்டும் ஓட்டும் குடும்பத்திற்குப் பழைய பெட்ரோல் வாகனமே பொருத்தமாக இருக்கும்.

நேரில் சோதிக்க வேண்டியவை

வாகனத்தைப் பார்க்கச் செல்லும்போது, என்ஜினை முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் கூறிவிட வேண்டும். டீசல் என்ஜினின் உண்மை நிலை, குளிர்ந்த நிலையில் இயக்கும்போதுதான் தெரியும். தொடக்கத்தில் வந்து மறையும் மெல்லிய வெண்புகை இயல்பானது. தொடர்ந்து வெண்புகை வந்தால் இன்ஜெக்டர் கோளாறோ, குளிரூட்டி நீர் உட்கசிவோ இருக்கலாம். நீலப்புகை ஆயில் எரிவதன் அடையாளம். அடர்ந்த கரும்புகை, எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்பதைக் காட்டும்.

என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறந்தால், புகை வேகமாகப் பீறிடுகிறதா என்று பார்க்கலாம். அவ்வாறு பீறிட்டால் என்ஜினின் உட்பாகங்கள் தேய்ந்திருக்கக்கூடும். பிஎஸ்-6 வாகனமெனில், என்ஜினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து ஆயில் அளவுகோலை இழுத்துப் பார்க்க வேண்டும். உச்சக் குறியையும் தாண்டி ஆயில் இருந்தால், அதில் டீசல் கலந்திருக்கலாம் என்ற ஐயம் எழுகிறது. டிபிஎஃப் சரியாக இயங்கும் வாகனத்தின் புகைக்குழாய் முனை ஓரளவு சுத்தமாகவே இருக்கும். விரலில் கரி அப்பினால், வடிகட்டி சேதமடைந்திருக்கலாம் அல்லது அகற்றப்பட்டிருக்கலாம். அகற்றப்பட்ட வாகனத்தை வாங்குவது சட்டச் சிக்கலையும் சேர்த்து வாங்குவதாகும்.

யூரியா கரைசல் பயன்படுத்தும் பிஎஸ்-6 வாகனங்களில், அதன் அளவையும் அது தொடர்பான எச்சரிக்கை விளக்கையும் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியவுடன் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைவதே முறை. ஒரு விளக்கு எரியவே இல்லையெனில், கோளாறை மறைக்க அது துண்டிக்கப்பட்டிருக்கலாம். சில டீசல் என்ஜின்களில் டைமிங் பெல்ட்டும் சிலவற்றில் டைமிங் செயினும் உள்ளன. பெல்ட் உள்ள வாகனத்தில் அதனை மாற்றியதற்கான ரசீதைக் கேட்க வேண்டும். ஓடும்போது அது அறுந்தால் என்ஜினே பெரும் சேதத்திற்கு உள்ளாகும்.

ஓடோமீட்டரில் உள்ள எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தின் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் குறிக்கப்பட்ட தூரத்தை அதனுடன் ஒப்பிட வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 30,000 கிலோமீட்டரே ஓடியதாகச் சொல்லப்படும் வாகனத்தில் டயர்கள் மாற்றப்பட்டு, பெடல்களும் ஸ்டீயரிங்கும் தேய்ந்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். வாடகைக் காராக ஓடிப் பின்னர் சொந்தப் பயன்பாட்டிற்கு மாற்றப்பட்டதா என்பதைப் பதிவு வரலாற்றிலிருந்து அறியலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் மெருகேற்றப்பட்டு வேறு ஊர்களில் விற்கப்படுவதும் உண்டு. இருக்கைப் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தென்படலாம். இருக்கையின் அடியில் உள்ள தண்டவாளங்களில் துரு, விரிப்பின் கீழ் ஈரவாடை, மின் இணைப்புகளில் பச்சை படிதல் ஆகியவையும் அதற்கான அடையாளங்கள். இவற்றையெல்லாம் பார்த்த பின்னரும், விற்பவருடன் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கட்டணம் செலுத்திச் சோதிப்பதே அறிவுடைமை.

பெயர் மாற்றம் வரை பணி முடிவதில்லை

பணம் கொடுத்துச் சாவியைப் பெற்றுவிட்டால் வாகனம் சொந்தமாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, அதே மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாட்களுக்குள் விற்பனையைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவருக்கு 30 நாட்கள் அவகாசம். படிவம் 29, படிவம் 30 ஆகியவை இதற்கானவை. வாகனத்தின்மீது கடன் இருந்திருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் இன்றி முழுத் தொகையையும் கொடுக்கக் கூடாது.

இதில் அலட்சியம் காட்டினால் விற்பவரும் தப்ப முடியாது. பலரிடம் கைமாறியும் பெயர் மாற்றப்படாத ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் உரிமையாளராக உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாகனத்தை ஒரு வணிகரிடம் ஒப்படைப்பவர்களுக்காக 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. அதன்படி அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் ஒப்படைக்கும் தகவலைப் போக்குவரத்துத் துறையின் இணையவாசலில் பதிவு செய்தால், வாகனம் தொடர்பான பொறுப்பு வணிகரைச் சேரும்.

காப்பீட்டிலும் கவனம் தேவை. மூன்றாம் நபர் காப்பீடு வாகனத்துடன் தானாகவே மாறிவிடும். சொந்த வாகனச் சேதத்திற்கான காப்பீடு அவ்வாறு மாறாது. 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். இழப்பீடு கோராததற்காகக் கிடைத்த தள்ளுபடி விற்பவருக்கே உரியது. அது வாகனத்துடன் வராது. எனவே புதிய உரிமையாளர் செலுத்த வேண்டிய பிரீமியம் கூடக்கூடும்.

நிலுவை அபராதங்கள், கடன் அடமானம், பதிவு மற்றும் காப்பீட்டு முடிவு நாள் ஆகியவற்றை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலும் எம்பரிவாகன் செயலியிலும் பார்க்கலாம். திருட்டு வாகனமா என்பதை அறியத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவை உள்ளது. வாகனத்தில் பொறிக்கப்பட்ட சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் சான்றிதழுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும்.

விலை பேசும்போது

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாற்றப்பட்டதை விலை பேசுவோர் நினைவில் கொள்ள வேண்டும். நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,500 சிசிக்கு மிகாத என்ஜினும் கொண்ட டீசல் கார்களுக்கு வரி 18 சதவீதமானது. பெரிய எஸ்யுவிகளுக்கு இழப்பீட்டு வரியும் சேர்த்து 50 சதவீதமாக இருந்த சுமை 40 சதவீதமாகக் குறைந்தது. புதிய வாகனத்தின் விலை இறங்கியிருக்கும்போது, பழைய விலைப்பட்டியலை வைத்துக் கேட்கப்படும் தொகையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வணிகரிடம் வாங்கும் பழைய வாகனத்திற்கு அவரது லாபத்தின்மீது மட்டுமே 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. தனிநபர்கள் தமக்குள் விற்றுக்கொண்டால் ஜிஎஸ்டி இல்லை. வங்கிக் கடன் பெறுவோர், பழைய காருக்கான வட்டி புதிய காரைவிடப் பொதுவாக அதிகம் என்பதையும், வாகனத்தின் வயது கூடக் கூடத் தவணைக்காலம் சுருங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதினால் முடிவு எளிதாகும். கேட்கப்படும் விலை, மறுபதிவுக்கான வரி, காப்பீடு, உடனே செய்ய வேண்டிய பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கூட்டி, வாகனம் தம் ஊரில் சட்டப்படி ஓடக்கூடிய எஞ்சிய ஆண்டுகளால் வகுக்க வேண்டும். இரண்டு வாகனங்களுக்கு இடையே தேர்ந்தெடுக்கும்போது, கேட்கும் விலைகளை அல்ல, இவ்வாறு கிடைக்கும் ஆண்டுச் செலவுகளையே ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்கில் தேறாத வாகனம், எவ்வளவு பளபளப்பாக நின்றாலும் அதை விட்டுவிட்டு வருவதே குடும்பத்தின் சேமிப்புக்குப் பாதுகாப்பு.